வடித்த கோப்பியும் கரைத்த கோப்பியும்

காலையில் எழுந்தவுடன் கைக்கு வரும் ஒரு கோப்பைக் கோப்பியைப் பற்றியும் திறனாய்வு வேண்டுமோ என்று தமிழாசிரியப் பெருமக்கள் வியக்கக்கூடும். நூலைத் திறனாய்வது போலவே நுகர்பொருளையும் திறனாயலாம் என்பது என் துணிபு. ஒரு நூலை வாழ்நாளில் இரண்டொரு முறை படிக்கிறோம். கோப்பியையோ நாள் தவறாமல் இரண்டொரு முறை பருகுகிறோம். பணமும் பொழுதும் உடல்நலமும் அதில் செலவாகின்றன. எண்ணிப் பாராமல் செலவிடுதல் கற்றோர்க்கு அழகன்று.

இவ்வாராய்ச்சிக்குக் காரணமாய் அமைந்தது தெலுக் இந்தான் நகரில் நான் கண்ட ஒரு நிகழ்ச்சியாகும். 1885-ஆம் ஆண்டில் கட்டப்பெற்று இன்றும் சாய்ந்தபடியே நிற்கும் மணிக்கோபுரத்திற்கு அண்மையில் உள்ள ஒரு கடை. தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், கைக்கு ஒன்றாக இரண்டு கோப்பிப் புட்டிகளை ஏந்தி நின்றார். என்னைக் கண்டதும், “வாத்தியாரே, இது இருபது வெள்ளி, இந்தத் தங்க மூடி போட்டது நாற்பது வெள்ளி. ரெண்டும் கோப்பித்தானே? என் மகன் ஊருக்கு வரும்போதெல்லாம் தங்க மூடியைத்தான் வாங்கிக்கிட்டு வர்றான். இதுல அப்படி என்னதான் இருக்கு?” என்று வினவினார். வகுப்பில் எத்தனையோ வினாக்களுக்கு விடை கூறிய எனக்கு, அவ்வினாவிற்கு உடனே விடை கூற இயலவில்லை. அன்று கூறாத விடையை இன்று எழுத முற்படுகின்றேன்.

பெயரும் பொருளும்

முதற்கண் பெயரைக் காண்போம். தமிழகத்தார் ‘காப்பி’ என்பதை நாம் மலாய் வழக்கையொட்டிக் ‘கோப்பி’ என்கிறோம். விதையின் வடிவம் மாட்டின் குளம்பை ஒத்திருத்தலின் தனித்தமிழ் அன்பர்கள் ‘குளம்பி’ என்று பெயரிட்டனர். ‘கொட்டை வடிநீர்’ என்று மற்றொரு பெயரும் உண்டு. இப்பெயரைப் பலரும் நகைச்சுவைக்காகவே எடுத்தாள்வர். எனினும் அதனுள் ஓர் உண்மை அடங்கியுள்ளது. ‘வடி’ என்னும் வினையே அப்பெயரின் உயிர். வறுத்து அரைத்த தூளின்மேல் கொதிநீரை ஊற்றி, சாறு இறங்கிய பின் சக்கையை நீக்குவதே வடித்தல்.

உடனடிக் கோப்பியிலோ நாம் வடிப்பதில்லை, கரைக்கிறோம். சக்கை இல்லை, காத்திருத்தலும் இல்லை. ஆயினும் வடித்தல் என்னும் தொழில் நிகழவே இல்லை என்று கருதிவிடலாகாது. எங்கோ ஓர் ஆலையில் பிறர் வடித்துச் சுண்டவைத்து உலர்த்திய கோப்பியையே நாம் வெந்நீரில் கரைத்து மீண்டும் உயிர்ப்பிக்க முயல்கிறோம். ஆகவே, ‘கூடுதல் விலை தகுமா?’ என்னும் வினா, ‘பிறர் வடித்துத் தந்ததற்கு நாம் எவ்வளவு கொடுக்கலாம்?’ என்னும் வினாவாக மாறுகிறது.

பழைய உறவு

கோப்பியோடு நமக்குள்ள உறவு குடிப்பவர் உறவு மட்டுமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் கண்டி மலைச்சாரலில் எழுந்த கோப்பித் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து ஏழை உழைப்பாளர் ஆயிரக்கணக்கில் நடந்தும் கடல் கடந்தும் சென்றனர். 1869-இல் அங்குக் காணப்பட்ட இலைத்துரு நோய் அத்தோட்டங்களை நாளடைவில் அழித்தது. தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. மலாயாவிலும் அந்நூற்றாண்டின் பிற்பகுதியில், தாழ்நிலத்தின் வெப்பத்தைத் தாங்கும் லிபேரிக்கா இனக் கோப்பியை வெள்ளைத் துரைமார் பயிரிட்டனர். சிலாங்கூரிலும் பேராக்கிலும் அத்தோட்டங்களில் உழைத்தவருள் தமிழர் பலர். 1890-களின் பிற்பகுதியில் பிரேசிலின் மிகை விளைச்சலால் உலகச் சந்தையில் விலை வீழ்ந்தது. அதன் பின்னரே இரப்பர் பரவியது. பால்மரத்தை அறிந்த நாம், அதற்கு முன் இம்மண்ணில் கோப்பிச் செடிக்கும் நம் முன்னோர் வியர்வை சிந்தினர் என்பதை மறந்துவிட்டோம்.

உடனடிக் கோப்பியின் பிறப்பிலும் பிரேசிலுக்குப் பங்குண்டு என்பது வியப்பிற்குரியது. கரையும் கோப்பியை ஆக்கும் முயற்சி 1890-இல் நியூசிலாந்திலும், 1901-இல் அமெரிக்காவில் சத்தோரி காத்தோ என்னும் சப்பானிய அறிஞராலும் மேற்கொள்ளப்பட்டதுண்டு. எனினும் உலகெங்கும் பரவிய வகை 1938-இல் சுவிட்சர்லாந்தில் ‘நெஸ்கபே’ என்னும் பெயரில் வெளிவந்ததேயாகும். 1929-ஆம் ஆண்டின் பொருளியல் வீழ்ச்சிக்குப் பின் பிரேசிலில் விற்பனையின்றித் தேங்கிய கோப்பியை எவ்வாறு கெடாமல் காப்பது என்னும் கவலையே அவ்வாராய்ச்சிக்குத் தூண்டுகோல். குடிப்பவரின் நாவை எண்ணிப் பிறந்ததன்று அது. கிடங்கில் குவிந்த மூட்டையை எண்ணிப் பிறந்தது. பின்னர் இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் போர்வீரரின் உணவுப் பொதிகளில் இடம்பெற்று, போர் முடிந்தபின் வீடுகளுக்குள் நுழைந்தது.

‘உயர்தரம்’ என்பது யாது?

இனி, தங்க மூடிக்குள் இருப்பது யாது என்று பார்ப்போம். உடனடிக் கோப்பியை உலர்த்தும் முறைகள் இரண்டு. முதலாவது, செறிந்த கோப்பிச் சாற்றை மிகச் சூடான காற்றில் நுண்துளிகளாகத் தெளித்துப் பொடியாக்குவது. இது விரைவானது, செலவு குறைந்தது; ஆனால் மணம் தரும் நுண்பொருள்களுட் பல அவ்வெப்பத்தில் பறந்துவிடுகின்றன. இரண்டாவது, சாற்றைப் பூச்சியத்துக்குக் கீழ் 40 பாகை அளவிற்கு உறைய வைத்து, உடைத்து, காற்று நீக்கிய அறையில் வைத்து உலர்த்துவது. அங்குப் பனிக்கட்டி நீராக மாறாமலே ஆவியாகிப் போய்விடுகிறது. பெருவெப்பம் படாமையால் மணம் பெரிதும் எஞ்சுகிறது. 1960-களில் வணிகத்திற்கு வந்த இம்முறைக்குப் பொழுதும் மின்னாற்றலும் மிகுதியாக வேண்டும். பொடியாக இல்லாமல் சிறு சிறு பருக்கைகளாகக் காணப்படுவது பெரும்பாலும் இவ்வகை.

இவையன்றி, நல்ல அராபிக்கா இனத்தைத் தேர்ந்துகொள்வதாலும், கரையும் கோப்பியோடு மிக நுண்ணிதாய் அரைத்த வறுகோப்பித் தூளைச் சிறிது கலப்பதாலும் சுவை உயர்கிறது. 2009-இல் ஸ்டார்பக்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘வியா’ இப்பின்னைய வகையைச் சார்ந்தது. ஆகவே, உயர்தரம் என்பது வெறும் பேச்சன்று. முறையும் மூலப்பொருளும் உண்மையாகவே வேறுபடக்கூடும். ஆனால் அவ்வேறுபாடு மூடியின் நிறத்தில் இல்லை. புட்டியின் பின்புறத்துச் சிற்றெழுத்தில் இருக்கிறது. உறையவைத்து உலர்த்தியது, இன்ன இனம், வேறெதுவும் கலவாதது என்று அங்கு எழுதப்படாதபோது, ‘பிரீமியம்’ என்னும் சொல்லுக்குப் பொருள் ஒன்றுமில்லை. பொருளற்ற அடைமொழியைக் கட்டுரையில் கண்டால் சிவப்பு மையால் அடிக்கும் நாம், கடையில் கண்டால் காசு கொடுப்பது முறையாகுமா?

போவதும் வருவதும்

திருவள்ளுவர் ‘தெரிந்து செயல்வகை’ என்னும் அதிகாரத்தின் தொடக்கத்திலேயே நமக்கு ஓர் அளவுகோலைத் தந்துள்ளார். செயலில் இறங்குமுன் கையைவிட்டுப் போவது எது, கைக்கு வருவது எது, பின்னர்த் தொடர்ந்து கிட்டும் ஊதியம் எது என்று மூன்றையும் எண்ணச் சொல்கிறார். அம்முறையிலேயே கணக்கிடுவோம்.

கடைக்குக் கடை விலை வேறுபடுமாகையால் பெரியவர் கூறிய விலையையே கொள்வோம். ஒரு கோப்பைக்கு 2 கிராம் என்றால் 100 கிராம் புட்டியில் 50 கோப்பை. இருபது வெள்ளிப் புட்டியில் கோப்பைக்கு 40 காசு. நாற்பது வெள்ளிப் புட்டியில் 80 காசு. வேறுபாடு 40 காசு. தனியே வாழும் ஒருவர் நாளைக்கு ஒரு கோப்பை பருகினால் மாதத்திற்குக் கூடுதற் செலவு 12 வெள்ளி. நால்வர் உள்ள குடும்பத்தில் ஆளுக்கு இரண்டு கோப்பை என்றால் 96 வெள்ளி. அதே புட்டி, அதே விலை. ஒருவர்க்குச் சிறு இன்பம், மற்றொருவர்க்குப் பிள்ளையின் பாடநூற் செலவு. ‘விலை தகுமா?’ என்னும் வினாவிற்கு எல்லார்க்கும் பொதுவான விடை இல்லாமைக்கு இதுவே முதற் காரணம்.

இனி மூலப்பொருளை நோக்குவோம். பன்னாட்டுக் கோப்பி அமைப்பின் கணக்குப்படி 1 கிலோ உடனடிக் கோப்பிக்கு 2.6 கிலோ பச்சைக் கொட்டையும், 1 கிலோ வறுத்த கோப்பிக்கு 1.19 கிலோ பச்சைக் கொட்டையும் ஈடாகும். வீட்டில் ஒரு கோப்பைக்கு 10 கிராம் தூள் இட்டு வடித்தால், அதில் ஏறத்தாழ 12 கிராம் பச்சைக் கொட்டை அடங்கும். 2 கிராம் உடனடிக் கோப்பியிலோ 5.2 கிராமே. இஃது எவ்வாறு இயலும்? வீட்டில் நாம் வடிக்கும்போது தூளின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே நீரில் இறங்குகிறது. ஆலையிலோ மிகுந்த அழுத்தத்திலும் வெப்பத்திலும் அதைப்போல் இருமடங்கு பிழிந்தெடுக்கிறார்கள். சிக்கனம் என்று இதைப் போற்றலாம்; இறுதிவரை பிழிந்த சாற்றில் முதற் சாற்றின் நயம் இராது என்றும் கூறலாம். எவ்வாறாயினும், கரைத்த கோப்பிக்கு நாம் மிகுதியாகக் கொடுக்கும் காசு கொட்டைக்குப் போவதைவிட ஆலைக்கும் புட்டிக்கும் விளம்பரத்திற்குமே போகிறது என்பது தெளிவு. 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிக்காவின் விலை பவுண்டுக்கு 4 அமெரிக்க டாலரைத் தாண்டியது. அத்தகைய உச்ச விலையிலும் 5.2 கிராம் கொட்டையின் மதிப்பு 5 அமெரிக்க சென்னுக்கும் குறைவே.

நாவின் தீர்ப்பு

விலையைப் பற்றிய கணக்கு முடிந்தது. சுவையைப் பற்றி வாதிட்டுப் பயனில்லை, சோதித்தே அறிய வேண்டும். என் வீட்டில் ஒரு சிறு சோதனை செய்து பார்த்தேன். விலை குறைந்த உடனடிக் கோப்பி ஒன்று, உறையவைத்து உலர்த்திய விலை மிகுந்தது ஒன்று, துணிப்பையில் வடித்த கோப்பி ஒன்று. எது எதுவென்று எனக்குத் தெரியாதவாறு என் துணைவியார் ஊற்றித் தந்தார். பாலும் சீனியும் இல்லாமல் பருகியபோது மூன்றையும் பிரித்தறிந்தேன். வடித்தது தனியே நின்றது. விலை மிகுந்தது அதற்கு ஓரளவு அருகில் வந்தது. மற்றதில் கசப்பு இருந்தது, மணம் இல்லை. பின்னர் மூன்றிலும் டின்பால் இரண்டு கரண்டி கலந்து பருகினேன். வடித்ததை மட்டும் அறிந்தேன். மற்ற இரண்டையும் மாற்றிச் சொன்னேன். என் நா ஒன்றே உலகின் அளவுகோல் என்று நான் கூறமாட்டேன். இச்சோதனையைச் செய்ய அரை மணியும் மூன்று கோப்பையுமே வேண்டும். ஒவ்வொருவரும் தம் வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

இதிலிருந்து நான் பெற்ற முடிவு இது: உயர்தர உடனடிக் கோப்பியில் நாம் விலை கொடுத்து வாங்குவது மணத்தை. டின்பாலும் சீனியும் முதலில் மூடி மறைப்பதும் அம்மணத்தையே. நாற்பது வெள்ளி கொடுத்து வாங்கியதை இரண்டு கரண்டி டின்பாலில் முழுக்கிவிடுபவர், பட்டுச்சேலையை வாங்கி அதன்மேல் போர்வையைப் போர்த்திக்கொள்பவரை ஒப்பர்.

ஆயினும் மறுபக்கத்தையும் மறைத்தல் கூடாது. வடித்ததெல்லாம் உயர்வு, கரைத்ததெல்லாம் தாழ்வு என்று முடிவு கட்டுதல் பிழை. இந்நாட்டுக் கோப்பிக் கடைகளில் வழங்கும் கருந்தூள், கொட்டையோடு சீனியும் மார்ஜரினும் சேர்த்து வறுக்கப்படுவது மரபு. அதன் கருமையிலும் கசப்பிலும் கருகிய சீனிக்கும் பங்குண்டு. ஈப்போவின் புகழ்பெற்ற வெள்ளைக் கோப்பியும் மார்ஜரினோடு வறுக்கப்படுவதே. சீனி சேராமையால் நிறம் வெளிறி நிற்கிறது. இவை குறையல்ல, ஒரு சுவை மரபு. எனினும் கோப்பிக் கொட்டையின் இயல்பான சுவையை மட்டுமே நாடுபவர்க்கு, கலப்பில்லாத நல்ல உடனடிக் கோப்பி சில கடைகளின் தூளைவிட நேர்மையானதாக இருத்தலும் கூடும்.

மூன்றும் ஒன்றாய்க் கலந்த பொட்டலங்களைப் பற்றியும் ஒரு சொல் கூறியாக வேண்டும். ‘உடனடிக் கோப்பி’ என்றால் நம்மவர் பலர் இன்று நினைப்பது இதையே. சேர்பொருள்கள் எடை மிகுதியின் வரிசையில் அச்சிடப்படுவது வழக்கம். பல பொட்டலங்களில் சீனியும் கிரீமரும் முதலிரண்டு இடங்களைப் பெற, கோப்பி மூன்றாம் இடத்திற்குத் தள்ளப்பட்டிருப்பதைக் காணலாம். அதன்மேல் ‘பிரீமியம்’ என்று எழுதியிருப்பின், எது பிரீமியம் என்று கேட்பது நம் கடமை. 2023-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வு, இந்நாட்டில் வயது வந்தோருள் 15.6 விழுக்காட்டினர்க்கு, அஃதாவது ஏறத்தாழ அறுவரில் ஒருவர்க்கு, நீரிழிவு உண்டென்று காட்டியது. தனிக்கோப்பிப் புட்டியில் சீனியின் அளவு நம் கையில் இருக்கிறது. பொட்டலத்திலோ அதை வேறொருவர் முடிவு செய்துவிடுகிறார். வள்ளுவர் எண்ணச் சொன்ன பின்வரும் ஊதியத்தை இங்கே எண்ணினால், தங்க மூடிப் புட்டி பொட்டலத்தைவிட மேலானது என்றே கூறுவேன்.

வசதி யாருக்கு?

‘வசதி’ என்று கூறி மகிழ்கிறோம். யாருடைய வசதி என்று கேட்பதில்லை. என் இளமையில், தோட்டத்து வீட்டில், விடியுமுன் பெரட்டுக்குச் செல்ல வேண்டிய என் தாயார் நான்கு மணிக்கே எழுந்து விறகடுப்பை மூட்டி, நீரைக் கொதிக்கவைத்து, துணியில் கோப்பி வடித்து, ரொட்டியையும் கட்டி வைத்துவிட்டுப் பால்மரம் வெட்டப் போவார். வடித்த கோப்பியின் நயத்தைப் பாராட்டி இன்று எழுதும் நான், அந்நாளில் ஒரு முறையேனும் அடுப்பை மூட்டியதில்லை. அன்று உடனடிக் கோப்பி எங்கள் வீட்டில் இருந்திருப்பின் அவர் கால் மணி கூடுதலாக உறங்கியிருப்பார். ‘உடனடிக் கோப்பி சோம்பேறிகளின் கோப்பி’ என்று கூறுவோரை நான் கேட்பது ஒன்றே: உங்கள் வீட்டில் வடிப்பவர் யார்?

மற்றொன்றும் கருதத்தக்கது. ஆ. இரா. வேங்கடாசலபதி அவர்கள் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்னும் ஆய்வில், தமிழகத்தில் காப்பி நடுத்தர வகுப்பாரின் பண்பாட்டு அடையாளமாக வளர்ந்த வரலாற்றை விளக்கியுள்ளார். அங்கு எவ்வகைக் காப்பி கொடுக்கிறோம் என்பதும் குடும்பத்தின் நிலையைக் காட்டிற்று. நம்மிடையே அவ்விடத்தை இன்று தங்க மூடிப் புட்டி பெற்று வருகிறது. அலமாரியின் முன்வரிசையில் அதை நிறுத்தி, விருந்தினர்க்கு மட்டும் திறக்கும் வீடுகளும் உள. சுவைக்காகக் கொடுக்கும் காசு வேறு. பிறர் கண்ணுக்காகக் கொடுக்கும் காசு வேறு. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதுவோர் தம்மையே ஏமாற்றிக்கொள்கின்றனர்.

தமிழாசிரியர்க்கு விளங்கும் உவமை ஒன்றைக் கூறுகிறேன். மூலநூலும் உரைச்சுருக்கமும் போன்றவையே வடித்ததும் கரைத்ததும். ‘கோனார் உரை’யைக் கையில் வைத்துக்கொண்டு தேர்வெழுதிய தலைமுறையினர் நாம். உரைச்சுருக்கம் பழிக்கத்தக்கதன்று, பொழுதில்லாதவனைக் கரை சேர்க்கிறது. அதனுள்ளும் நல்லதும் தீயதும் உண்டு. நல்லதற்குக் கூடுதல் விலை கொடுக்கலாம். ஆனால் பொழுதிருந்தும் மூலத்தைத் தொடாதவன், விலை உயர்ந்த சுருக்கத்தை வாங்கியதால் மூலத்தைக் கற்றவன் ஆகிவிடமாட்டான்.

முடிவு

உயர்தர உடனடிக் கோப்பிக்குக் கூடுதல் விலை கொடுப்பது மூவர்க்குத் தகும் என்பது என் முடிவு: பாலும் சீனியும் சேர்க்காமலோ மிகக் குறைவாகச் சேர்த்தோ பருகுபவர், நாளைக்கு ஒன்றிரண்டு கோப்பையோடு நிறுத்துபவர், வடிப்பதற்குப் பொழுதோ உடல் வலிமையோ இல்லாதவர். டின்பாலில் கலந்து குடிக்கும் குடும்பத்திற்கு அது வீண் செலவு. அன்னோர்க்கு நல்ல தூளும் ஒரு துணிப்பையும் போதும். வீட்டில் உள்ளோர் முறை வைத்துக்கொண்டு வடித்தால் ஒருவர்மேல் மட்டும் சுமை விழாது.

சென்ற வாரம் அப்பெரியவரை மீண்டும் கண்டு, “ஐயா, நீங்கள் கோப்பியில் என்ன கலந்து குடிக்கிறீர்கள்?” என்று கேட்டேன். “இனிப்பு நீர் வந்ததிலிருந்து வெறும் கோப்பி ஓதான். வீட்டுல நான் ஒருத்தன்தானே” என்றார். “அப்படியாயின் தங்க மூடியையே வாங்குங்கள், உங்களுக்கு அது தகும்” என்றேன். “அது சரி வாத்தியாரே; மகன் வந்தா மட்டும் தூள் வாங்கி வடிச்சுக் கொடுக்கணும்னு இருக்கேன். அவன் அதைக் குடிச்சு ரொம்ப நாளாச்சு” என்று கூறிவிட்டு, புட்டி ஒன்றையும் தூள் பொட்டலம் ஒன்றையும் எடுத்துக்கொண்டு போனார். என் கணக்கில் நான் சேர்க்க மறந்த ஒன்றை அவர் சேர்த்துக்கொண்டார். ஆசிரிய அன்பர்கள் தம் கருத்தையும் எண்ணிப் பார்ப்பார்களாக.